மேல்மாடி அறையின் திறப்பு

மண்டபச் செயற்குழுவினர் அனைவருக்கும்,

அறிவித்தல் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளை வாசித்தேன். மூன்றே வரி. மேல்மாடிச் சிறு அறையில் இனிமேல் கலந்துரையாடல்கள் நடத்த அனுமதி இல்லை. நூல் சம்பந்தமான நிகழ்வுகளைப் பிரதான மண்டபத்தில், அரைநாள் கட்டணம் கட்டி, வெளியீட்டு விழாவாக மட்டுமே நடத்தலாம். செயற்குழுவின் முடிவே இறுதியானது. மூன்றாவது வரிக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்திருக்கிறீர்கள். கோடு இல்லாவிட்டால் நேரில் வந்து கதைத்திருப்பேன். இழுத்துவிட்டீர்கள், ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த அறையில் மாதக் கடைசி ஞாயிறுகளில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் உங்களில் இரண்டு பேர்தான் படியேறி வந்திருக்கிறீர்கள். புதிதாகப் புத்தகம் போட்ட ஒருவர் வருவார். நாங்கள் இருக்கும் அதே பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார். அதை எப்படி எழுதினேன், எங்கே சிக்கினேன், எதை வெட்டினேன் என்று அரை மணி நேரம் சொல்வார். பிறகு வாசித்தவர்கள் கேட்பார்கள். இரண்டு மணித்தியாலம், பிளேன்டீ, கிறீம் கிராக்கர். அவ்வளவுதான்.

பிரதான மண்டபமும் எனக்குப் பழக்கம்தான். என் முதல் சிறுகதைத் தொகுதியை 2019 பெப்ரவரியில் அங்கேதான் வெளியிட்டேன். 96 பக்கம், 300 பிரதி, அச்சுக்கூலி 75,000 ரூபாய். காப்பு ஒன்றை ஈடு வைத்துக் கட்டினேன். அதற்குப் பிறகு விழாச் செலவு தொடங்கியது. மண்டபம் 18,000, ஒலிபெருக்கி 6,000, மேடைப் பதாகை 2,500, எட்டுப் பொன்னாடைக்கு 6,000, அழைப்பிதழ் 5,000, படப்பிடிப்பு 8,000, வடை றோல்ஸ் தேநீருக்கு 9,600. கூட்டிப் பாருங்கள், 55,100 வரும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள், ஒரு பற்றுச்சீட்டையும் எறியவில்லை. 75,000 ரூபாய்ப் பிள்ளைக்கு 55,100 ரூபாயில் கல்யாணம்.

நிகழ்ச்சி நிரலை உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் போட்டுத் தந்தார். "இதுதான் முறை அம்மா" என்றார். மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை மூன்று, வெளியீட்டுரை, முதற் பிரதி வழங்கல், சிறப்புப் பிரதி வழங்கல், நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. 14 அங்கத்தில் புத்தகத்தை எழுதியவள் 13ஆவது.

நாலு மணி என்று போட்ட விழா நாலே முக்காலுக்குத் தொடங்கியது. தலைமை தாங்கியவர் தன் பல்கலைக்கழகக் காலத்தைப் பற்றி 35 நிமிடம் பேசினார். நல்ல பேச்சு, சிரிக்கவும் வைத்தார். என் புத்தகம்தான் அதில் வரவில்லை. வாழ்த்துரை சொன்ன ஒருவர், என் கதையொன்றில் நடுவிலேயே செத்துப்போகிற பெண்ணை, எதிர்காலத்தில் பெரிய நிலைக்கு வருவாள் என்று வாழ்த்தினார். பின்னட்டையை மட்டும் வாசித்தால் அப்படித்தான் தோன்றும். சிறப்புப் பிரதிக்குப் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு 50 நிமிடம் போயிற்று. புத்தகத்தை முழுக்க வாசித்து, ஓரங்களில் குறிப்பெழுதிக்கொண்டு வந்தவர் நயவுரைக்காரர் ஒருவர்தான். அவரை ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள்.

நான் ஒலிவாங்கிக்குப் போனபோது 7.25. நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அறிவிப்பாளர் என் கையில் ஒரு துண்டைத் திணித்தார். பென்சிலால் "2 நிமி." என்றும், அதற்குக் கீழே "பஸ்" என்றும் எழுதியிருந்தது. முன்வரிசையில் கதிரைகள் அரக்குகிற சத்தம். நாலாம் பக்கத்தின் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினேன். அந்தத் துண்டை மண்டபப் பற்றுச்சீட்டோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டலாம்.

அன்றைக்குக் கைமாறியது 83 பிரதி. உறைகளில் வந்த காசு விழாச் செலவுக்குச் சரியாகிவிட்டது, காசைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் அந்த 83 பேரில் ஒருவர்கூடப் பிறகு "உங்கட அந்தக் கதையில..." என்று ஒரு வார்த்தை தொடங்கவில்லை. அவர்கள் வாசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வாசித்ததை என்னிடம் சொல்ல அவர்களுக்கு ஒரு இடம் இருக்கவில்லை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கண்டால் "புத்தகமெல்லாம் போட்டீங்களாமே" என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாவது தொகுதியை 2021 கடைசியில் எழுதி முடித்தேன். அடுத்த வருடம் நாடு இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் சில பத்திரிகைகளே அச்சை நிறுத்தின. அச்சகக்காரத் தம்பி, "அக்கா, காலமை சொல்லுற விலை பின்னேரம் இல்லை" என்று கையை விரித்துவிட்டார். ஒருமாதிரி 2023இல் போட்டேன். தேசிய நூலகத்துக்குப் போய் 978-624 என்று தொடங்கும் சர்வதேச நூல் எண்ணும் எடுத்தேன். கடையொன்றில் 10 பிரதி வைத்தேன், எட்டு மாதத்தில் 7 திரும்பி வந்தது. இன்னொரு விழா வைக்கக் காசும் இல்லை, தெம்பும் இல்லை. அப்போதுதான், அதுவரை கேட்க மட்டும் வந்துகொண்டிருந்த உங்கள் மேல்மாடி அறைக்கு முதன்முதலாக என் புத்தகத்தோடு வந்தேன்.

என்னோடு 23 பேர். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா மூன்றாவது கதிரையில் இருந்தார். அவர் கையில் என் புத்தகம், அதற்குள் நாலு இடத்தில் பஸ் ரிக்கற் செருகியிருந்தது. முறை வந்ததும் முதல் ரிக்கற்றை எடுத்தார்.

"பிள்ளை, கதை நல்லாயிருக்கு. ஆனா உம்மட முகத்துவாரத்து மீன்காரி 'வாங்கோ வாங்கோ' எண்டு கூப்பிடுறா. நான் முப்பது வருசம் அந்தப் பக்கம் மீன் வாங்கின ஆள். அவை 'வாங்க' எண்டுதான் சொல்லுவினம். நீர் உம்மட அம்மாட வாயை அவவுக்கு வைச்சிட்டீர்."

அறையே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. மீன்காரி கொழும்பு, என் அம்மா யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி, அவர் சொன்னது அப்படியே உண்மை. மற்ற மூன்று ரிக்கற்றும் அதே மீன்காரிதான். அன்றிரவு வீட்டில் மிச்சம் கிடந்த 140 பிரதியையும் இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நாலு இடத்தில், அந்தக் "கோ"வின் கொம்பையும் காலையும் பேனையால் வெட்டினேன். 560 இடம். "அம்மாக்கு விசர்" என்று மகள் படுக்கப் போய்விட்டாள். இப்போது யாராவது என் இரண்டாவது புத்தகத்தை வாங்கினால் அந்த வெட்டுகளோடுதான் வாங்குகிறார்கள். பிரதான மண்டபத்தில் எட்டுப் பேர் பேசியும் எனக்குக் கிடைக்காத திருத்தம் அது.

அதே ஞாயிறு ஒரு பொடியன் கேட்டான், "அக்கா, நீங்க எப்ப எழுதுறீங்க?" ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. நான் காலை நாலரைக்கு, அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில் எழுதுகிறவள். தெஹிவளையில் 101 பஸ்ஸில் ஏறிக் கோட்டை வரும்வரைக்கும் நின்றபடியே அடுத்த வசனத்தை உருட்டிக்கொண்டு வருவேன், இறங்கும்போது பாதி மறந்துவிடும். இதைச் சொன்னேன். அவன், "எனக்குத் துணி மடிக்கிற நேரம்தான் வருது. ராவைக்கு எழுதலாம்னா படுக்கிற எடத்துல லைட் போட விடமாட்டாங்க" என்றான். பிறகு என் புத்தகத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இருபது நிமிடம் முழு அறையும் அவனுக்கு வழி சொல்லிற்று. போனில் பேசிப் பதிந்து வை என்றார் ஒருவர். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுது என்றார் இன்னொருவர், முதலாளியிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழியும் சேர்த்து. அடுத்த வருடம் மூன்று கதையோடு வந்தான். அதில் ஒன்று பிறகு ஞாயிறு வாரமலரில் வந்தது. பிரதான மண்டபத்தில் அவனுக்குக் கடைசி வரிசையில் ஒரு கதிரை கிடைத்திருக்கும், ஒலிவாங்கி கிடைத்திராது.

மலையகத்து ஆசிரியர் ஒருவர் தன் நாவலைப் பற்றிப் பேசியது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்து வளர்ந்தவர். நினைவிலிருந்தே எழுதியிருக்கிறார். எழுதி முடித்த பிறகு ஏதோ உறுத்த, ஊருக்குப் போய் அளவு நாடாவை வைத்து அளந்தாராம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. சின்ன வயதில் அது பெரிய வீடாகத் தெரிந்ததால் கதைக்குள்ளும் பெரிதாகவே கட்டியிருக்கிறார். அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன், ஆட்களைக் குறைக்கவில்லை, அவர்கள் படுக்கிற விதத்தை மாற்றினேன் என்றார். அடிக்குறிப்பிலோ முன்னுரையிலோ இதெல்லாம் வராது. நூலகம் நிறுவனம் 2005 முதல் எங்கள் புத்தகங்களை மின்வருடி இணையத்தில் வைக்கிறது, ஆகவே புத்தகம் தப்பும். அளவு நாடாக் கதையை அன்றைக்கு அங்கே இருந்த 19 பேர்தான் கேட்டோம்.

சரி, உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். தாளில் ஒன்றும் போடவில்லை, அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னது.

ஆட்கள் குறைவு என்கிறீர்கள். ஓம், ஒரு மழை ஞாயிறு ஏழு பேர்தான், அதுவும் காவலாளி ஐயாவைச் சேர்த்து. எல்லாக் கூட்டமும் நன்றாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு நண்பர் தன் சமர்ப்பணப் பக்கத்தைப் பற்றியே அரை மணித்தியாலம் பேசினார், நானே எழும்பிப் போனேன். ஆனால் 300 பிரதி அடிக்கவே யோசிக்கிற காலத்தில், புத்தகத்தை வாசித்துவிட்டு மழைக்குள் வருகிற ஏழு பேரை எந்த எழுத்தாளர் குறைவென்று சொல்வார்? எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தன் முடிவெட்டும் சலூனிலிருந்துதான் மல்லிகை இலக்கிய இதழைத் தொடங்கினார். பிறகு கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்தும் இதழைக் கையில் கொண்டுபோய் ஆளுக்கு ஆள் விற்று, நின்று கதைத்துவிட்டுத்தான் நகர்வார். ஒரு சலூனுக்குள் அடங்கிய இலக்கியம் உங்கள் மேல்மாடிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் எனக்கு விளங்கவில்லை.

மின்கட்டணம் என்கிறீர்கள். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் அது எகிறியது எங்கள் வீட்டுக்கும் தெரியும். அந்த அறையில் இருப்பது ஒரு மின்விசிறி, இரண்டு குழாய் விளக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் நாங்கள் கூடினோம். போன் வெளிச்சத்தில் ஒருவர் கவிதை வாசித்தார், இன்னொருவர் கொப்பியால் அவருக்கு விசிறினார். அன்றைக்கு உங்களுக்கு ஒரு சதமும் செலவு வைக்கவில்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் வெளியில் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மே மாதக் கூட்டம். ஒரு இளம் ஆசிரியை எழும்பி, "இந்தப் புத்தகத்தில் 112 பக்கம், அதில் முதல் 26 பக்கம் ஆசியுரை, அணிந்துரை, வாழ்த்துரை. கதை பக்கம் 27இல்தான் தொடங்குகிறது. அது ஏன் ஐயா?" என்று கேட்டார். எழுதியவர் சிரித்துக்கொண்டு, "பிள்ளை, கேட்டவைக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாமப் போச்சு" என்றார். அங்கேயே அது முடிந்துவிட்டது. அந்த 26 பக்கத்தில் எழுதியிருந்தவர்களுக்குத்தான் முடியவில்லை. அவர்களில் உங்கள் மண்டபத்துக்கு வேண்டியவர்களும் உண்டு. அடுத்த வாரம் தொலைபேசி அழைப்புகள், அதற்கடுத்த மாதம் அறிவித்தல். 1963இல் யாழ்ப்பாணத்துச் சாகித்திய விழாவில் இலக்கியச் சண்டைக்குக் கூழ்முட்டை எறிந்த ஊர்க்காரர் நாங்கள். ஒரு பிள்ளை பக்கத்தை எண்ணிச் சொன்னதற்கு அறையைப் பூட்டுவதா?

அந்தக் கேள்வி பிழை என்றால், அணிந்துரை எழுதிய ஒருவர் அடுத்த ஞாயிறு படியேறி வந்து பதில் சொல்லியிருக்கலாம். கதிரை இருந்தது, தேநீரும் கொடுத்திருப்போம்.

செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி இருக்கிறதே, அங்கே எழுத்தாளரைச் சந்திக்கலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். அந்தச் சனத்துக்குள் கையெழுத்து வாங்கலாம், ஒரு படமும் எடுக்கலாம். மீன்காரி என்ன சொல்லுவா என்று கதைக்க முடியாது. 2007இல் தொடங்கிய காலி இலக்கிய விழாவில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களை, கதிரையில் இருத்தி ஒருவர் கேள்வி கேட்க, சனம் காசு கொடுத்துக் கேட்கிறது. தமிழில் அதையே நாங்கள் கிறீம் கிராக்கர் செலவில் செய்துகொண்டிருந்தோம்.

இனி, நான் கேட்பவை.

அறிவித்தலைக் கழற்றுங்கள். செப்டெம்பர் இலக்கிய மாதம் என்று நாடே கொண்டாடுகிறது, அதற்கு முன்னால் கழற்றினால் உங்களுக்கும் அழகு. மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறரை வரை மேல்மாடி அறையை முன்போலத் தாருங்கள். இலவசமாகக் கேட்கவில்லை. மாதம் 2,500 ரூபாய் தருகிறோம். முதல் ஆறு மாதத்துக்கான 15,000 ரூபாயை முற்பணமாகக் கட்ட 12 பேர் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருக்கிறோம். காவலாளி ஐயாவின் மேலதிக நேரத்துக்கான காசை அவர் கையிலேயே கொடுப்போம், உங்கள் கணக்கில் போட்டு இழுபட வேண்டாம். கதிரை அடுக்குவது, கோப்பை கழுவுவது எங்கள் பொறுப்பு. பேச்சுகளைப் பதிந்து வைக்க அனுமதி தாருங்கள்.

பிரதான மண்டபத்தை நூல் வெளியீட்டுக்குக் கொடுக்கும்போது, விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: நூலாசிரியருக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், அதுவும் நிகழ்ச்சியின் முதல் பாதிக்குள். வாழ்த்துரைகளின் எண்ணிக்கையில் நான் கை வைக்கவில்லை. அது உங்கள் பக்கத்து விவகாரம், ஆனால் கொஞ்சம் யோசியுங்கள்.

மே மாதக் கூட்டத்தைப் பற்றி முறைப்பாடு ஏதும் வந்திருந்தால் அதை எழுத்தில் காட்டுங்கள். அந்த ஆசிரியையையும் கூப்பிட்டு, முறைப்பாட்டுக்காரரையும் இருத்தி, செயற்குழு முன்னிலையில் கேளுங்கள். ஆசிரியை வரத் தயாராக இருக்கிறார், நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்த மடலுக்குப் பதிலை எழுத்தில், 14 நாளுக்குள், முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்போடு சேர்த்துத் தாருங்கள்.

அறையின் திறப்பு இன்னும் அலுவலகக் கதவுக்குப் பின்னால் அதே ஆணியில்தான் தொங்குகிறது என்று அறிந்தேன். இந்த மாதக் கடைசி ஞாயிறு மூன்றரைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மண்டபத்தில் ஒருமுறை இரண்டு நிமிடம் பேசியவள்
தெஹிவளை